அரண்மனை ஹோட்டலில் உங்கள் அறையைத் தேர்வது எப்படி? ராஜஸ்தான் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை ராஜஸ்தான் போனபோது நானும் எல்லோரையும் போல ஹோட்டலைத்தான் தேர்ந்தெடுத்தேன், அறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய கோட்டை, படத்தில் சுவர் முழுக்க ஓவியம், ஜன்னல் மாடத்தில் பட்டு மெத்தை, அம்மா அப்பாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று உடனே பணம் கட்டிவிட்டேன். போய் இறங்கினால் எங்களுக்குக் கிடைத்தது கோட்டைக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய பிளாக்கில் ஓர் அறை. சுத்தமான, வசதியான அறைதான், ஆனால் அதே அறையை கோயம்புத்தூரிலும் எடுத்திருக்கலாம். வரவேற்பில் கேட்டபோது, நீங்கள் எடுத்த வகையில் பழைய அரண்மனைக்குள் நாலு அறைதான் இருக்கிறது, மீதி எல்லாம் இந்தப் பக்கம்தான் என்றார்கள். முன்னாடியே ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் முழுக்க எதிரே தெரிந்த பழைய மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பல தடவை போயிருக்கிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அறையை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் தேதியையே பார்ப்பேன். அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

1. ஓர் அறை மாதிரி இன்னோர் அறை ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இவை ஹோட்டலாகக் கட்டப்பட்ட கட்டடங்கள் இல்லை. ராஜஸ்தான் சமஸ்தானங்கள் 1949-இல் ஒன்றாக இணைந்தபோது மன்னர்களின் ஆட்சி முடிந்தது, 1971-இல் அரசு அவர்களுக்குக் கொடுத்துவந்த மன்னர் மானியமும் நிறுத்தப்பட்டது. நூறு அறை இருக்கும் அரண்மனையை, ஒழுகும் கூரையோடும் நூற்றுக்கணக்கான வேலையாட்களோடும் எப்படி வைத்துக்கொள்வது? சிலர் அதற்கு முன்னாலேயே வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957-இலும், உதய்ப்பூர் ஏரிக்கு நடுவில் இருக்கும் ஜக் நிவாஸ் 1963-இலும் ஹோட்டலாகின. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள்.

அப்படி மாற்றும்போது, அகலமான கல்சுவரை இடித்து எல்லா அறையையும் ஒரே அளவாக்க முடியாது, இடித்தால் மேல்தளம் நிற்காது. அதனால் இருக்கிற இடத்துக்குள்ளேயே கட்டிலையும் குளியலறையையும் பொருத்தினார்கள். சபை நடந்த கூடம் ஒன்று படுக்கையறை ஆனது, தானியம் வைத்த அறை ஒன்று ஆனது, குதிரை லாயம் கூட ஆனது. ஒரு மாடம் முழுசாகக் குளியலறையாகி, இப்போது நீங்கள் குளிக்கும்போது கீழே ஊர் தெரிகிற அறைகளும் உண்டு.

இதில் இரண்டு சொற்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மர்தானா என்பது ஆண்கள் புழங்கிய பகுதி: உயரமான கூரை, பெரிய வாசல், வெளியே பார்த்த மாடங்கள். ஜனானா என்பது அரண்மனைப் பெண்கள் இருந்த பகுதி: உள்முற்றத்தைப் பார்த்த ஜன்னல்கள், கல்லில் பூவேலையாகக் குடைந்த ஜாலி என்ற திரைகள், குறுகலான மாடிப்படிகள். மர்தானா பக்கத்து அறை பிரமாண்டமாக இருக்கும், காட்சியும் கிடைக்கும். ஜனானா பக்கத்து அறை கொஞ்சம் இருட்டு, ஆனால் அமைதி, குளிர்ச்சி, வேலைப்பாடும் அங்கேதான் நுணுக்கம். எனக்குப் பிடித்தது ஜனானா. மத்தியானம் இரண்டு மணிக்கு ஜாலி வழியாக வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுந்து மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம், அதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன். ஆனால் வெளிச்சம் வேண்டும், பரந்த காட்சி வேண்டும் என்கிறவர்களுக்கு அது சரிப்படாது, அவர்கள் மர்தானாவையே கேட்கட்டும்.

2. எந்த மாதிரி அரண்மனை என்று முடிவு செய்யுங்கள்

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் அறைகளுக்குத் தனித்தனி அடையாளம் வந்த விதம் ஒவ்வோர் இடத்திலும் வேறு.

டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர் போகும் நெடுஞ்சாலையில், டெல்லியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் நீம்ரானா இருக்கிறது. 1464-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, பிருத்விராஜ் சௌகான் வழி வந்ததாகச் சொல்லும் கிளையினரின் தலைநகரம். பின்னால் பாழடைந்து கிடந்ததை அமன் நாத், பிரான்சிஸ் வாக்சியார்க் இருவரும் 1986-இல் வாங்கி, இடிபாடுகளைச் சீர்செய்து, 1991-இல் கொஞ்சம் அறைகளோடு திறந்தார்கள். பிறகு வருஷா வருஷம் மலைச்சரிவில் பகுதி பகுதியாக மீட்டெடுத்து இப்போது எழுபதுக்கும் மேல் அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் அலங்காரம், ஒன்றின் மொட்டைமாடி இன்னொன்றின் கூரை. இங்கே மன்னர் காலத்துப் படுக்கையறை அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடிந்த சுவருக்குள் ரசனையுள்ள இரண்டு பேர் ஒவ்வோர் அறையையும் தனியாகக் கற்பனை செய்த இடம் இது. முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் மற்ற பெரிய அரண்மனைகளைவிட செலவு ரொம்பக் குறைவு, வித்தியாசமும் ஒவ்வோர் அறைக்கும் அப்பட்டமாகத் தெரியும்.

உதய்ப்பூர் ஏரி அரண்மனை, அதாவது முன்னால் சொன்ன ஜக் நிவாஸ், முற்றிலும் வேறு. உதய்ப்பூரைத் தலைநகராகக் கொண்ட மேவார் நாட்டின் மகாராணா இரண்டாம் ஜகத் சிங் கோடைக்காலத்துக்காக பிச்சோலா ஏரியின் நடுவே கட்டி 1746-இல் முடித்தது. படகில்தான் போக வேண்டும். இதை ஹோட்டலாக்கியவர் மகாராணா பகவத் சிங், அப்போது உள் அலங்காரத்தைச் செய்தவர் டிடி கான்ட்ராக்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி, கட்டடக் கலையை முறையாகப் படிக்காமல் தானே கற்றுக்கொண்டவர். பிற்காலத்தில் இமாசலப் பிரதேசத்தில் மண்வீடுகள் கட்டிப் பேர் வாங்கியவரும் இவர்தான். இங்கே எல்லா அறையும் ஒரே தரம் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். குஷ் மகால் என்ற சூட்டின் (சூட் என்றால் பெரிய, சொகுசான தங்கும் பகுதி) ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி, வெயில் ஏற ஏற அறையின் நிறமே மாறும். பெயருள்ள பெரிய சூட்டுகள் பழைய அரண்மனையின் வேலைப்பாட்டோடு இருப்பவை. சாதாரண வகை அறைகள் அழகாக இருந்தாலும் அளவில் சிறியவை, ஏரியைப் பார்த்த அறைக்கும் உள்ளே இருக்கும் தாமரைக் குளத்தைப் பார்த்த அறைக்கும் காட்சியே வேறு.

அப்புறம் ஜோத்பூரின் உமைத் பவன். இதன் கதை தெரியாமல் அங்கே தங்குவது வீண் என்பது என் எண்ணம். பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக மகாராஜா உமைத் சிங் 1929-இல் தொடங்கிய கட்டடம் இது, 1943-இல்தான் முடிந்தது, மொத்தம் 347 அறைகள். வடிவமைத்தவர் ஹென்றி லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். உள்ளே வைக்க லண்டனிலிருந்து கிளம்பிய மரச்சாமான்கள் 1942-இல் கப்பலோடு கடலில் மூழ்கின, உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அதே போரில் போலந்தை விட்டு ஓடிவந்த ஸ்டெஃபான் நோர்ப்ளின் என்ற ஓவியர் அப்போது இந்தியாவில் இருந்தார், அவர் கையில் வேலை போனது. அறைகளுக்கு அந்தக் காலத்து ஐரோப்பிய பாணியான ஆர்ட் டெகோவில் மரச்சாமான்களை அவரே வரைந்து இங்கேயே செய்ய வைத்தார், சுவர்களில் ராமாயணக் காட்சிகளைத் தீட்டினார், நிலவறையில் இருக்கும் நீச்சல் குளத்துக்கு ராசிச் சக்கரத்தின் உருவங்களை வரைந்தார். வார்சாவில் பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் படம் போட்டவர் தார்ப் பாலைவனத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ராமனையும் சீதையையும் வரைந்திருக்கிறார். மகாராஜா சூட், மகாராணி சூட் இரண்டிலும் அந்தக் காலத்து அமைப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ஓவியமும் ஜரிகையும் நிறைந்த பழைய ராஜபுத்திர அறையை மனதில் வைத்து இங்கே போனால் ஏமாற்றம்தான். இது வளைந்த கோடுகளும் பளபளக்கும் பளிங்கும் நிறைந்த 1930-களின் அரண்மனை.

ஜெய்ப்பூர் ராம்பாக் 1835-இல் இளவரசரின் செவிலித்தாய்க்காகக் கட்டிய தோட்ட வீடாகத் தொடங்கியது, வேட்டை மாளிகையாக வளர்ந்து, 1925-இல் இரண்டாம் சவாய் மான் சிங்கின் இருப்பிடமானது. அவருடைய மனைவி மகாராணி காயத்ரி தேவி குடித்தனம் நடத்திய வீடு என்பதால் அங்கே ஒரு வீட்டின் சாயல் இன்னும் இருக்கிறது.

இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் ராஜஸ்தானின் வடகிழக்கில் இருக்கும் ஷேகாவாட்டி பக்கம் திரும்புங்கள். மாண்டாவா கோட்டை 1755-இல் தொடங்கியது, சுற்றிலும் மார்வாரி வணிகர்களின் ஓவிய வீடுகள். கல்கத்தாவுக்குப் போய்ச் சம்பாதித்து ஊரில் மாளிகை கட்டிய அந்த வணிகர்களின் தெருவில் நடக்கும்போது கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் நினைவுக்கு வராமல் இருக்காது.

3. பருவமும் பணமும்

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் நல்ல பருவம், கட்டணமும் அப்போதுதான் உச்சம். உதய்ப்பூர், ஜோத்பூர் அரண்மனைகளில் சீசனில் ஓர் இரவு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி, இணையத்தில் காட்டும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நான் பரிந்துரைப்பது ஆகஸ்ட், செப்டம்பர். மழை பெய்து உதய்ப்பூர் ஏரி நிறைந்திருக்கும், சுற்றியுள்ள ஆரவல்லி மலை பச்சையாக இருக்கும், கட்டணமும் நன்றாக இறங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அறைகள் காலியாக இருப்பதால் நீங்கள் கேட்கும் அறையைக் கொடுக்க அவர்களால் முடியும். டிசம்பர் ஜனவரியில் போகிறவர்கள் ஸ்வெட்டர் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். வெயிலுக்காகக் கல்லால் கட்டிய அறைகள் இரவில் சில்லிட்டுப் போகும், அறையில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். மே ஜூன் வேண்டாம்.

4. போன் செய்யுங்கள், பிறகு மின்னஞ்சலில் வாங்குங்கள்

இணையத்தில் நீங்கள் பார்ப்பது வகைகளை மட்டும்தான்: ஹெரிடேஜ் ரூம், லக்சுரி ரூம், ராயல் சூட் என்று. ஒரே வகைக்குள் பத்து அறை இருந்தால் பத்தும் பத்து விதம், படத்தில் போட்டிருப்பது அதில் நல்ல அறை. அதனால் ஹோட்டலையே நேரடியாகக் கூப்பிடுங்கள். பெரிய நிறுவனங்களின் பொது எண்ணைவிட அந்த அரண்மனையின் முன்பதிவுப் பிரிவில் இருப்பவருக்குத்தான் அறைகளைக் கண்ணால் பார்த்த அனுபவம் இருக்கும்.

முதல் கேள்வி, இந்த அறை பழைய கட்டடத்துக்குள் இருக்கிறதா, புதிதாகச் சேர்த்த பகுதியிலா? இதைக் கேட்காமல் வேறு எதையும் கேட்காதீர்கள். அடுத்து, இந்த அறை முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் கிடைத்துவிட்டால் அவரிடமே ஆலோசனையும் கேட்கலாம், எனக்கு நல்ல அறைகள் கிடைத்தது எல்லாம் அப்படித்தான். அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, ஜன்னலைத் திறக்க முடியுமா, ஜன்னலுக்கு வெளியே மற்றவர்கள் நடக்கும் பாதை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதை இருந்தால் நாள் முழுக்க திரையை இழுத்தே வைத்திருக்க வேண்டும். குளியலறை அறையோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா, இரண்டு மூன்று படி ஏறி இறங்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

கல்யாணம் பற்றிக் கேட்க மறந்துவிடாதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்த அரண்மனைகள் கல்யாணங்களுக்குப் போகும், நீங்கள் தங்கும் தேதியில் ஒன்று இருந்தால் முற்றம் முழுக்கப் பந்தல், நள்ளிரவு வரை மேளமும் டிஜேவும், நீங்கள் பார்க்க வந்த கூடத்தின் வாசலில் அனுமதி இல்லை என்ற பலகை. தேதியை மாற்றிக்கொள்வதே நல்லது.

எல்லாம் பேசி முடித்த பிறகு, அறையின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், உறுதி என்று பதில் வாங்குங்கள். "முயற்சி செய்கிறோம்" என்று வந்தால் அது உறுதி இல்லை. அப்போது பட்டியலாக மூன்று பெயரைக் கொடுங்கள், முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவது என்று. இரண்டு இரவு தங்குகிறீர்கள் என்றால் இரவுக்கு ஓர் அறை என்று கேட்டுப் பாருங்கள், சீசன் இல்லாத நேரத்தில் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்கிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறுவது சிரமம்தான், ஆனால் ஒரே பயணத்தில் மர்தானாவும் கிடைக்கும் ஜனானாவும் கிடைக்கும்.

5. வீட்டில் பெரியவர்கள் இருந்தால்

நீம்ரானா மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருப்பது, ஓர் அறைக்குப் போக எழுபது எண்பது படி என்றால் ஆச்சரியப்படாதீர்கள். போனில் "கொஞ்சம் படி இருக்கும்" என்பார்கள், எண்ணிச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பழைய வாசல்கள் தாழ்வாக இருக்கும், வாசற்படிக் கல் உயரமாக இருக்கும், இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகிறவர்களுக்கு இரண்டுமே ஆபத்து. நான் போகும் இடத்துக்கெல்லாம் சொருகி வைக்கும் சின்ன நைட் லேம்ப் ஒன்று எடுத்துப் போகிறேன். சில கட்டில்கள் அவ்வளவு உயரம், ஏறுவதற்கே முக்காலி போட்டிருப்பார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு கட்டிலின் உயரத்தையும் கேட்கிறேன். குழந்தைகள் இருந்தால் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள், அந்தக் காலத்துச் சுவர்கள் பல இடங்களில் இடுப்பளவு கூட இல்லை.

6. போய் இறங்கியதும்

இரண்டு மணி சுமாருக்குப் போய்ச் சேருங்கள். பழைய விருந்தினர்கள் கிளம்பி, புதியவர்கள் வந்திருக்காத நேரம் அது. சாவியை வாங்குவதற்கு முன், அதே வகையில் காலியாக இருக்கும் வேறு ஒன்றிரண்டு அறைகளையும் காட்ட முடியுமா என்று கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, இந்த ஹோட்டல்களில் எல்லோரும் கேட்பதுதான்.

அறைக்குள் போனதும் முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள், குழாய்கள் நீளமாகச் சுற்றி வருவதால் சூடு வர ஐந்து நிமிடம் கூட ஆகலாம். வைஃபை சுவரைத் தாண்டி வராது. பிளக் பாயின்ட் கட்டில் பக்கத்தில் இருக்காது, எக்ஸ்டென்ஷன் கேட்டால் கொடுப்பார்கள். இவற்றை எல்லாம் குறையாக எழுதி ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சுவரைக் குடைந்து ஒயர் இழுத்தால் ஓவியம் போய்விடும், அதனால்தான் அவர்கள் இழுக்கவில்லை.

7. அறையைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் அறையில் பையை வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு சாயங்காலமாவது உள்ளேயே இருங்கள்.

சுவரைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஓவியம் இல்லாத இடத்தில் மட்டும். பட்டு மாதிரி வழவழவென்று, குளிர்ந்து இருந்தால் அது ஆராயிஷ், சுண்ணாம்பையும் பளிங்குத் தூளையும் பூசி அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த பளபளப்பு. செட்டிநாட்டு வீடுகளில் முட்டைவெள்ளை சேர்த்துப் பூசிய சுவரைத் தொட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெயின்ட் அடித்த சுவர் கைக்கே வேறு மாதிரி இருக்கும். கண்ணாடித் துண்டுகளைச் சாந்தில் பதித்த வேலை உதய்ப்பூர் பக்கம் நிறைய, டீக்ரி என்பார்கள். இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு சின்ன விளக்கை வைத்துப் பாருங்கள், கூரை முழுக்க அந்த ஒரு சுடர் நூறாகத் தெரியும். அதைச் செய்த கைவினைஞர்கள் மின்விளக்குக்காகச் செய்யவில்லை, எண்ணெய் விளக்குக்காகச் செய்தார்கள். நிஜ நெருப்பு வேண்டாம், போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துப் பிடித்தாலே போதும்.

ஓவியங்கள் பழையவையா புதியவையா என்று அறையைச் சுத்தம் செய்ய வருகிறவரிடம் கேளுங்கள். அவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள், தாத்தா காலத்திலிருந்து அங்கேயே வேலை பார்க்கும் குடும்பங்களும் உண்டு, எந்தப் பூ பழையது எந்தப் பூ போன வருஷம் திருத்தியது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். எனக்கு ஜாலிக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்து சபையைப் பார்த்த இடத்தைக் காட்டியவர் அப்படி ஒருவர்தான், கல்லில் முழங்கை பட்டுத் தேய்ந்த குழியோடு.

கைகளில் எண்ணெயோ விபூதியோ குங்குமமோ இருக்கும்போது சுவர்ப் பக்கம் போகாதீர்கள், ஈரத்துணியை மாடத்தில் காயப் போடாதீர்கள், ஓவியம் மேல் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். அறையில் கற்பூரமும் ஊதுவத்தியும் வேண்டாம், புகை படிந்த ஓவியத்தைத் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்கில் வேலை.

8. தங்க முடியாதவர்களுக்கு

உமைத் பவனின் ஒரு பகுதி அருங்காட்சியகம், சின்னக் கட்டணத்தில் போகலாம், அந்தக் காலத்துப் பொருட்களும் கட்டடத்தின் கதையும் அங்கே இருக்கிறது. நீம்ரானாவில் பகலில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கும் கட்டணத்தோடு அனுமதி உண்டு. உதய்ப்பூர் ஏரி அரண்மனைக்குள் தங்காதவர்கள் போக முடியாது, ஆனால் சிட்டி பேலஸ் பக்கத்திலிருந்து கிளம்பும் படகு அதைச் சுற்றிக்கொண்டு ஜக் மந்திர் தீவில் நிற்கும். கடைசிப் படகுக்கு முந்தியதில் போங்கள், போகும்போது வெள்ளையாகத் தெரிந்த சுவர் திரும்பும்போது மஞ்சளாகி இருக்கும்.

எங்கே தங்கினாலும் கிளம்பும் காலையில் கதவின் மேல் எழுதியிருக்கும் அறையின் பெயரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே எந்த ஜன்னலுக்கு எத்தனை மணிக்கு வெயில் வந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். ரசீதில் பெயர் இருக்காது, வகை மட்டும்தான் இருக்கும். அம்மாவின் கைப்பையில் அப்படி நாலு பெயர் எழுதிய ஒரு சீட்டு இருக்கிறது, ஊரில் யாராவது ராஜஸ்தான் போகிறேன் என்றால் அதை எடுத்து நீட்டுகிறார்.